ஹீமோகுளோபின் குறைவு, ஃபெரிட்டின் அதிகம்: இந்த ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது

மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்துக்கு மருந்து சாப்பிடுபவர், டிபி சிகிச்சை ஆரம்பித்து ஒரு மாதம் ஆனவர், ஆறாத சர்க்கரைப் புண்ணோடு இருப்பவர், சிறுநீரகம் பழுதாகி வருபவர், இப்படி யாருக்காவது ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 9, 10 என்று வருவது சகஜம். "ரத்தம் கம்மியா இருக்கு" என்று தெரிந்ததும் வீட்டில் பேரீச்சம்பழமும் மாதுளையும் வாங்கி அடுக்குவார்கள், மெடிக்கலில் ஒரு இரும்புச்சத்து டானிக்கும் வாங்குவார்கள், அதை இரண்டு மாதம் விடாமல் குடித்த பிறகு மறுபடி டெஸ்ட் எடுத்தால் அதே 9.4 நிற்கும். நோயாளிக்கு மலச்சிக்கலும் வயிற்று எரிச்சலும்தான் மிச்சம். அப்புறம் ஒரு டாக்டர் ஃபெரிட்டின் எழுதிக்கொடுக்க, அது 400 என்று வரும். உடம்பில் இரும்பு எவ்வளவு இருப்பில் இருக்கிறது என்று காட்டும் அளவுதான் ஃபெரிட்டின் என்று எங்கோ படித்தவருக்கு இந்த இடத்தில் குழப்பம் வரத்தான் செய்யும். இருப்பு இவ்வளவு இருக்கும்போது ரத்தம் ஏன் ஊறவில்லை?

இதற்குப் பதில் தெரிந்தால் ரிப்போர்ட்டை நீங்களே ஓரளவு படித்துவிடலாம், டாக்டரிடம் சரியான கேள்வியைக் கேட்கலாம். தேவையில்லாத இரும்பைத் தவிர்க்கலாம். தேவையான இரும்பைத் தவறவிடாமலும் இருக்கலாம், இந்த இரண்டாவதைத்தான் நான் அதிகம் வலியுறுத்துவேன். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அப்படிப்பட்ட நாட்டில் ரத்தசோகை என்றதும் இரும்பு மாத்திரைக்குக் கை போவது இயல்பு. ஆனால் அழற்சியோ (இன்ஃப்ளமேஷன், அதாவது நோய் எதிர்ப்பு செல்கள் உசுப்பப்பட்ட நிலை) தொற்றோ உள்ள உடம்பில் கணக்கு வேறு மாதிரி ஓடுகிறது.

முதலில், உடம்புக்குள் நடப்பது

கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இந்தப் பகுதி புரிந்தால் எண்கள் தானாகப் புரியும்.

பெரியவர் ஒருவரின் உடம்பில் மொத்தம் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கும். அதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு சிவப்பணுக்களுக்குள் ஹீமோகுளோபினாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள், அதனால் தினமும் பழையது போகப் போகப் புதியது செய்தாக வேண்டும், அதற்கு எலும்பு மஜ்ஜைக்கு நாளொன்றுக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு வேண்டும். நாம் சாப்பாட்டிலிருந்து உறிஞ்சுவது எவ்வளவு தெரியுமா? 1 முதல் 2 மில்லிகிராம்தான். மீதி முழுவதும் செத்துப்போகும் பழைய சிவப்பணுக்களைப் பிரித்து, அதிலிருக்கும் இரும்பைத் திரும்ப எடுத்துக்கொள்வதால் கிடைப்பது.

அந்தப் பிரிக்கும் வேலையைச் செய்பவை மேக்ரோஃபேஜ்கள். மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை மூன்றிலும் உட்கார்ந்திருக்கும் நோய் எதிர்ப்பு செல்கள் இவை. கிருமியை விழுங்கிச் செரிக்கும் அதே செல் குடும்பம்தான் வயதான சிவப்பணுவையும் விழுங்கி இரும்பைக் கக்குகிறது. ரத்தம் ஊற ஆட்டுச் சுவரொட்டி சாப்பிடச் சொல்வார்கள் அல்லவா, சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல், அதில் அவ்வளவு இரும்பு இருப்பதற்குக் காரணமே இந்த மேக்ரோஃபேஜ்கள் அங்கே குவிந்திருப்பதுதான். ஆக, தினசரி இரும்பு வரவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஒரு நோய் எதிர்ப்பு செல்லின் கையில் இருக்கிறது. அந்தச் செல் இரும்பை வெளியே விடவில்லை என்றால் நீங்கள் என்ன சாப்பிட்டாலும் மஜ்ஜை பட்டினிதான்.

தொற்று வந்தாலோ, முடக்குவாதம் போல உடம்பு தன்னையே தாக்கும் நோய் வந்தாலோ, மேக்ரோஃபேஜ்களும் மற்ற எதிர்ப்பு செல்களும் சைட்டோகைன்கள் எனப்படும் சமிக்ஞைப் புரதங்களை வெளியிடும். அதில் இன்டர்லூக்கின்-6 என்பது கல்லீரலுக்குப் போய்ச் சேர்ந்ததும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற சின்ன ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறது. வெறும் 25 அமினோ அமிலம் கொண்ட மூலக்கூறு. ஒரு செல்லிலிருந்து இரும்பு வெளியேற ஃபெரோபோர்ட்டின் என்று ஒரே ஒரு புரத வழிதான் உண்டு, ஹெப்சிடின் போய் அதைப் பிடித்துச் செல்லுக்குள்ளேயே இழுத்து அழித்துவிடும். மேக்ரோஃபேஜிலிருந்து இரும்பு வெளியே வராது. குடல் செல் உறிஞ்சிய இரும்பும் ரத்தத்துக்குள் போகாது, சில நாளில் அந்தக் குடல் செல் உதிரும்போது மலத்தோடு போய்விடும். திருவிழாக் கூட்டத்துக்குப் பயந்து நகையைக் கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டால் நகை நம்மிடம்தான் இருக்கும், ஆனால் கழுத்தில் இருக்காது. ஃபெரிட்டின் 400, ஹீமோகுளோபின் 9 என்ற ரிப்போர்ட்டின் பொருள் இதுதான்.

இந்தப் புரிதல் ஒரே நாளில் வந்ததில்லை. 1946இலேயே அமெரிக்காவின் யூட்டாவில் ஜார்ஜ் கார்ட்ரைட், மேக்ஸ்வெல் விண்ட்ரோப் குழுவினர் தொற்று உள்ளவர்களிடம் ரத்தத்தில் இரும்பு குறைவதையும் ரத்தசோகை வருவதையும் விவரித்துவிட்டார்கள், ஆனால் இரும்பை யார் தடுத்து நிறுத்துகிறார்கள் என்பது தெரியாமலே அரை நூற்றாண்டு ஓடியது. 2000, 2001 ஆண்டுகளில்தான் ஹெப்சிடின் கண்டுபிடிக்கப்பட்டது, அதுவும் முதலில் கிருமியைக் கொல்லும் பொருளாகத்தான் பார்த்தார்கள். அது ஃபெரோபோர்ட்டினை எப்படி அழிக்கிறது என்பதை எலிசபெட்டா நெமெத், தாமஸ் கான்ஸ் ஆகியோர் அடங்கிய குழு 2004இல் காட்டியது. ஆரோக்கியமானவர்களுக்கு இன்டர்லூக்கின்-6 ஏற்றிப் பார்த்தபோது சில மணி நேரத்துக்குள் ஹெப்சிடின் பல மடங்கு ஏறி, ரத்த இரும்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. சில மணி நேரம் என்பதைக் கவனியுங்கள், பின்னால் தேவைப்படும்.

உடம்பு ஏன் இப்படிச் செய்கிறது? பெரும்பாலான கிருமிகளுக்கும் வளர இரும்பு வேண்டும். ரத்தத்தில் இரும்பைக் குறைத்துவிட்டால் அவை பட்டினி கிடக்கும். நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களும் இதில் சேர்ந்துகொள்கின்றன, லாக்டோஃபெரின் என்ற புரதத்தால் சுற்றியிருக்கும் இரும்பைக் கவ்வுகின்றன, பாக்டீரியா இரும்பைத் திருட அனுப்பும் மூலக்கூறுகளையே லிப்போகேலின்-2 என்ற புரதத்தால் பிடித்து வைக்கின்றன. சில நாள் காய்ச்சலுக்கு இது அருமையான ஏற்பாடு. மாதக்கணக்கில் நீடிக்கும் நோயில் அதுவே நோயாளியைச் சோர்வில் தள்ளுகிறது. டிபி கிருமி விஷயத்தில் இன்னும் மோசம், ஏனென்றால் அது குடியிருப்பதே மேக்ரோஃபேஜுக்குள், இரும்பும் அங்கேயே வந்து சேர்கிறது.

இரும்புத் தடை மட்டும் காரணம் என்றும் நினைக்க வேண்டாம். டி-செல்கள் என்ற வெள்ளையணுக்கள் வெளியிடும் இன்டர்ஃபெரான்-காமாவும், மேக்ரோஃபேஜ்கள் வெளியிடும் டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-1 ஆகிய சைட்டோகைன்களும் எலும்பு மஜ்ஜையில் நேரடியாகக் கை வைக்கின்றன. சிவப்பணுவாக வேண்டிய இளம் செல்களின் வளர்ச்சி அடங்குகிறது, மஜ்ஜை வெள்ளையணு உற்பத்தி பக்கம் சாய்கிறது. ரத்தம் குறைந்தால் சிறுநீரகம் எரித்ரோபொயட்டின் சுரந்து மஜ்ஜையைத் தூண்ட வேண்டும், அந்தச் சுரப்பும் போதுமான அளவு எழும்புவதில்லை, சுரந்தாலும் மஜ்ஜை சரியாகக் கேட்பதில்லை. கூடவே, உசுப்பிவிடப்பட்ட மேக்ரோஃபேஜ்கள் இன்னும் வயதாகாத சிவப்பணுக்களையும் சீக்கிரமே விழுங்கிவிடுகின்றன.

எந்த டெஸ்ட், எப்போது எடுப்பது

முழு ரத்த எண்ணிக்கை, அதாவது சிபிசி. அதோடு ரெட்டிக்குலோசைட் (புதிதாகப் பிறந்த சிவப்பணு) எண்ணிக்கை, சிஆர்பி (அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறும் புரதம்), ஃபெரிட்டின், சீரம் அயர்ன் (ரத்தத்தில் ஓடும் இரும்பு), டிஐபிசி (ரத்தம் மொத்தம் எவ்வளவு இரும்பைச் சுமக்க முடியும் என்ற அளவு). சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின். இவ்வளவும் ஒரே நாள் ரத்தத்தில் எடுத்திருக்க வேண்டும் என்பது முக்கியம். போன மாதம் காய்ச்சலில் எடுத்த ஃபெரிட்டினையும் இந்த மாதம் எடுத்த சிஆர்பியையும் பக்கத்தில் வைத்துப் படிப்பதில் பயன் இல்லை.

சீரம் அயர்ன் ஒரே நாளுக்குள்ளேயே ஏறி இறங்கும், மாத்திரை போட்ட சில மணி நேரத்துக்கு உயர்ந்தும் காட்டும், அதனால் காலையில் வெறும் வயிற்றில் கொடுங்கள், முந்தைய நாள் இரும்பு மாத்திரையை நிறுத்தலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மேலே சொன்ன சில மணி நேரக் கணக்கு இங்கே வருகிறது: இரண்டு நாள் வைரஸ் காய்ச்சலில் எடுத்தாலே சீரம் அயர்ன் தரையில் கிடக்கும். அதை மட்டும் பார்த்து இரும்புச்சத்துக் குறைவு என்று முடிவு கட்டக் கூடாது. அவசரம் இல்லை என்றால் சாதாரணக் காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று வாரம் கழித்து எடுப்பதே நல்லது. நாள்பட்ட நோய்க்காரர்களுக்கு அப்படிக் காத்திருக்க முடியாது, அவர்களுக்குத்தான் சிஆர்பியைக் கூடவே எடுக்கச் சொல்கிறேன். அழற்சிக்குப் பார்க்கும் இன்னொரு டெஸ்டான இஎஸ்ஆர் போதாதா என்று கேட்பார்கள், போதாது. ரத்தசோகை இருந்தாலே இஎஸ்ஆர் ஏறும், எது எதனால் என்று பிரிக்க முடியாது.

படிக்கும் வரிசை

ஹீமோகுளோபினிலிருந்து தொடங்குங்கள். ஆண்களுக்கு 13க்குக் கீழ், கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12க்குக் கீழ் என்றால் ரத்தசோகை. அழற்சியால் வருவது பெரும்பாலும் 8க்கும் 11க்கும் இடையில் நிற்கும். 7, 6 என்று இறங்கினால் அழற்சியை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நகராதீர்கள், ரத்தக் கசிவோ சிறுநீரகமோ வேறு ஏதோ கூட இருக்கிறது.

அடுத்தது எம்சிவி, சிவப்பணுவின் சராசரி அளவு. அழற்சி ரத்தசோகையில் இது பெரும்பாலும் 80க்கும் 100க்கும் இடையில் இயல்பாகவே இருக்கும். நாள்பட்டால் 80க்குச் சற்றுக் கீழே இறங்கலாம். 65, 70 என்று இருந்தால் உண்மையான இரும்புக் குறைவையோ, ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத தலசீமியா என்ற நோயின் பரம்பரைக் கூறையோ சந்தேகிக்க வேண்டும். தலசீமியா கூறு உள்ளவர்களுக்குச் சிவப்பணு எண்ணிக்கை அதிகமாகவும் எம்சிவி மிகக் குறைவாகவும் ஃபெரிட்டின் இயல்பாகவும் இருக்கும், ஹீமோகுளோபினின் ஒரு வகையை அளக்கும் எச்பிஏ2 டெஸ்ட் எடுத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். இவர்களில் பலர் வருடக்கணக்கில் காரணமே இல்லாமல் இரும்பு மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள், அதைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது.

மூன்றாவது சிஆர்பி. இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை, சில லேப்கள் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று எழுதும், சில டெசிலிட்டருக்கு எழுதும். டெசிலிட்டருக்கு 4.6 என்றால் லிட்டருக்கு 46. ஒன்று பரவாயில்லை போலத் தெரியும், இன்னொன்று பயமுறுத்தும், இரண்டும் ஒரே அளவுதான். அலகைப் பார்க்காமல் எண்ணைப் படிக்காதீர்கள். லிட்டருக்கு 5க்கு மேல் என்றால் அழற்சி இருக்கிறது என்று வைத்துக்கொண்டு ஃபெரிட்டினுக்குப் போங்கள்.

ஃபெரிட்டின்தான் பலரும் தடுமாறும் இடம். அழற்சி வந்தாலே மேக்ரோஃபேஜ்களும் கல்லீரலும் ஃபெரிட்டினை அதிகம் வெளியிடும், இருப்பு கூடினாலும் கூடாவிட்டாலும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2020இல் இரண்டு தனித்தனி எல்லைகளைக் கொடுத்தது. ஆரோக்கியமான பெரியவருக்கு 15க்குக் கீழ் என்றால் இரும்புக் குறைவு, தொற்றோ அழற்சியோ உள்ளவருக்கு 70க்குக் கீழ் வந்தாலே குறைவு. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அதே போல 12, 30. மருத்துவமனைகளில் பல டாக்டர்கள் அழற்சி உள்ளவர்களுக்கு 100ஐ எல்லையாக வைக்கிறார்கள், நாள்பட்ட சிறுநீரக நோயிலும் 100, ஹீமோடயாலிசிஸில் இருப்பவர்களுக்கு 200 என்று போகும். லேப் ரிப்போர்ட்டின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் இயல்பு அளவு இதையெல்லாம் கணக்கில் எடுத்திருக்காது. சிஆர்பி 40 உள்ள ஒரு முடக்குவாத நோயாளிக்கு ஃபெரிட்டின் 55 என்று வந்து, பக்கத்தில் "இயல்பு" என்று அச்சாகியிருந்தால் அந்தச் சொல்லை நம்பாதீர்கள், அவருக்கு இரும்பு தேவை. இன்னொரு பக்கம், கல்லீரலில் கொழுப்பு, மதுப்பழக்கம், வேறு கல்லீரல் நோய் இவற்றாலும் ஃபெரிட்டின் உயரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கடைசியாக டிரான்ஸ்ஃபெரின் செறிவு, அதாவது ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தில் எத்தனை சதவீதம் இரும்பு ஏறியிருக்கிறது என்பது. லேப் கொடுக்காவிட்டால் நீங்களே போட்டுக்கொள்ளலாம், சீரம் அயர்னை டிஐபிசியால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். 20 சதவீதத்துக்குக் கீழே என்றால் மஜ்ஜைக்குப் போய்ச் சேரும் இரும்பு போதவில்லை. இருப்பு காலியா, பூட்டிக் கிடக்கிறதா என்பதை இந்த எண் சொல்லாது, அதற்கு ஃபெரிட்டினையும் சிஆர்பியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மூன்று மாதிரி ரிப்போர்ட்டைப் போட்டுப் பார்க்கலாம், புரிவதற்காக நான் அமைத்த எண்கள் இவை. முதல் ஆளுக்கு சீரம் அயர்ன் 22, டிஐபிசி 410, ஃபெரிட்டின் 8, சிஆர்பி 2. செறிவு 5 சதவீதம்தான். இது சந்தேகமே இல்லாத இரும்புக் குறைவு, உடம்பு இரும்புக்காக ஏங்கி டிரான்ஸ்ஃபெரினை அதிகம் செய்ததால்தான் டிஐபிசி 410க்கு ஏறியிருக்கிறது. இரண்டாவது ஆளுக்கு சீரம் அயர்ன் 28, டிஐபிசி 210, ஃபெரிட்டின் 380, சிஆர்பி 46. செறிவு 13 சதவீதம். இதுவும் குறைவுதான், ஆனால் டிஐபிசியும் இறங்கியிருக்கிறது, ஏனென்றால் அழற்சியில் கல்லீரல் டிரான்ஸ்ஃபெரின் செய்வதைக் குறைத்துக்கொள்ளும். இது அழற்சி ரத்தசோகை. மூன்றாவது ஆளுக்கு சீரம் அயர்ன் 20, டிஐபிசி 300, ஃபெரிட்டின் 64, சிஆர்பி 38. செறிவு 7 சதவீதத்துக்கும் கீழே. இரண்டும் சேர்ந்த நிலை இது, அழற்சியும் உண்டு, இருப்பும் காலி.

அந்த மூன்றாவது ஆளைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள், அவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். முடக்குவாதத்துக்காக வருடக்கணக்கில் வலி மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இரைப்பையிலும் குடலிலும் புண் வந்து துளித்துளியாக ரத்தம் கசியலாம், வயிற்று வலியே இல்லாமல்கூட. மாதவிடாயில் அதிகம் போகும் பெண்ணுக்கு டிபி வரலாம். குடலில் ரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழு இருக்கலாம். இப்படிப்பட்டவர்களில் பலருக்கு ஃபெரிட்டின் 70க்கும் 150க்கும் நடுவில் எங்கோ நின்று யாரையும் உறுதியாகச் சொல்ல விடாது. அங்கே இரண்டு டெஸ்ட் உதவும். ஒன்று ரெட்டிக்குலோசைட் ஹீமோகுளோபின், இப்போதுதான் பிறந்த சிவப்பணுவுக்குள் எவ்வளவு ஹீமோகுளோபின் போயிருக்கிறது என்பதை அளப்பது, 29 பிக்கோகிராமுக்குக் கீழே என்றால் மஜ்ஜைக்கு இரும்பு போதவில்லை. இன்னொன்று கரையும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி, உண்மையான குறைவில் இது உயரும், வெறும் அழற்சியில் பெரும்பாலும் உயராது. எல்லா ஊர் லேபிலும் இவை கிடைக்காது, பெரிய லேப்களுக்கு அனுப்பி வாங்க வேண்டியிருக்கும். ஹெப்சிடினையே அளந்தால் என்ன என்று தோன்றும், வழக்கமான சிகிச்சையில் அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

காரணத்தைத் தேடுங்கள்

அழற்சி ரத்தசோகை என்று தெரிந்த பிறகு ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொண்டிருக்காமல் அழற்சி எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். ஏற்கெனவே நோய் தெரிந்தவருக்கு இது சுலபம். தெரியாதவருக்கு, அதாவது களைப்புக்காக டெஸ்ட் எடுத்து சிஆர்பி ஏறி, ஃபெரிட்டின் ஏறி, ரத்தம் குறைந்து நிற்பவருக்கு, இந்த ரிப்போர்ட்தான் முதல் துப்பு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல் இருந்தால் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும், அரசு மருத்துவமனையில் இலவசம். காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகள் ஒரு மணி நேரத்துக்கு இறுகிக் கிடந்தால் முடக்குவாத மருத்துவர். நீண்ட நாள் வயிற்றுப்போக்கு, மலத்தில் ரத்தம் என்றால் குடல் மருத்துவர். சர்க்கரை நோயாளி என்றால் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், சிறுநீரில் ஆல்புமின் பாருங்கள். பல், ஈறு சீழையும் விட்டுவிடாதீர்கள். புற்றுநோயும் இதே முகத்தோடு வரும், அதனால் காரணம் கிடைக்காத வரை தேடலை நிறுத்தக் கூடாது. 50 வயதைத் தாண்டிய ஆணுக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ உண்மையான இரும்புக் குறைவு தெரிந்தால், அழற்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும், எண்டோஸ்கோபி பற்றி டாக்டரிடம் பேசியே ஆக வேண்டும்.

சிகிச்சையில் எது வேலை செய்யும்

அழற்சிக்குக் காரணமான நோய்க்கான சிகிச்சை. இதைவிடப் பெரிய மருந்து இல்லை. டிபியில் பார்த்தால் சரியாகத் தெரியும், சிகிச்சை தொடங்கும்போது ரத்தசோகையோடு இருப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு டிபி மருந்தை ஒழுங்காகச் சாப்பிடச் சாப்பிட இரும்பு மாத்திரை இல்லாமலே சில மாதங்களில் ஹீமோகுளோபின் ஏறிவிடும், அழற்சி தணிந்து ஹெப்சிடின் இறங்குவதால். நேர்மாறாக, மருந்து சாப்பிடும்போதே ரத்தம் குறைந்துகொண்டே போனால், குறிப்பாக மருந்துக்கு அடங்காத டிபிக்கு லினிசோலிட் எடுப்பவருக்கு, உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், அந்த மருந்தே மஜ்ஜையை அடக்கக்கூடியது. முடக்குவாதத்தில் மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்கள் கூட எழுதிக்கொடுக்கும் ஃபோலிக் அமிலத்தை விடக் கூடாது. இன்டர்லூக்கின்-6இன் ஏற்பியையே தடுக்கும் டோசிலிசுமாப் என்ற ஊசி போடும் முடக்குவாத நோயாளிகளுக்கு மூட்டு வலி குறைவதோடு ஹீமோகுளோபினும் நன்றாக ஏறுகிறது, மேலே சொன்ன சங்கிலிக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். விலை அதிகம், டிபியைத் தூண்டும் ஆபத்தைச் சோதித்த பிறகே கொடுப்பார்கள், ரத்தசோகைக்காக மட்டும் யாரும் போடுவதில்லை.

இரும்பு எப்போது? இருப்பு காலி என்று ரிப்போர்ட் சொன்னால், மேலே பார்த்த மூன்றாவது ஆள் மாதிரி இருந்தால், கட்டாயம் வேண்டும். ஆனால் ஹெப்சிடின் ஏறிய உடம்பில் வாய்வழி இரும்பு சரியாகப் போய்ச்சேராது. ஆரோக்கியமானவருக்கே ஒரு மாத்திரை போட்டால் அடுத்த 24 மணி நேரத்துக்கு ஹெப்சிடின் உயர்ந்துவிடும் என்று சூரிச்சில் நடந்த ஆய்வுகள் காட்டின, அதனால்தான் இப்போது பல டாக்டர்கள் நாள் விட்டு நாள் ஒரு மாத்திரை என்று எழுதுகிறார்கள், உறிஞ்சுவதும் கூடுகிறது, வயிற்றுத் தொந்தரவும் குறைகிறது. நான்கைந்து வாரத்தில் ஹீமோகுளோபின் அசையவில்லை என்றால் டோஸைக் கூட்டுவதில் அர்த்தமில்லை, நரம்பு வழியாக ஏற்றலாமா என்று கேளுங்கள். அப்படி ஏற்றும் இரும்பு குடலைத் தாண்டிவிடுகிறது என்பதால் அழற்சி உள்ளவர்களுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் அது நன்றாக உதவுகிறது. உடம்பில் தீவிரத் தொற்று ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் நரம்பு வழி இரும்பைத் தள்ளிப்போடுவார்கள், கிருமிக்கும் அது தீனி என்பதால்.

இரும்பு எப்போதும் நல்லதுதானே, கொடுத்தால் என்ன கெட்டுப்போகும் என்பவர்களுக்கு தான்சானியாவின் பெம்பா தீவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மலேரியா கடுமையாகப் பரவும் அந்தத் தீவில் சின்னக் குழந்தைகளுக்கு ரத்தப் பரிசோதனை இல்லாமலே தினமும் இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வின் முடிவு 2006இல் வந்தது. இரும்பு எடுத்த குழந்தைகள் மருத்துவமனையில் சேர்வதோ இறப்பதோ 12 சதவீதம் அதிகமாக இருந்ததால் அந்தப் பிரிவை நடுவிலேயே நிறுத்தினார்கள். அதே ஆய்வின் ஒரு பகுதியில், உண்மையில் இரும்புக் குறைவு இருந்த, மலேரியாவுக்கும் கவனிப்புக் கிடைத்த குழந்தைகளுக்கு இரும்பு நன்மை செய்தது. ஆக, யாருக்கு, எப்போது என்பதுதான் கேள்வி. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்பு மாத்திரையை இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள். அவர்கள் தேவை வேறு, அதை நிறுத்துவதா வேண்டாமா என்பதை அவர்களைப் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

சிறுநீரக நோயாளிகளுக்கு எரித்ரோபொயட்டின் ஊசி உண்டு. அதிலும் ஹீமோகுளோபினை 13க்கு மேல் தள்ள ஆசைப்படக் கூடாது, பக்கவாதமும் ரத்தக்கட்டியும் வரும் ஆபத்து கூடுகிறது, 10க்கும் 11.5க்கும் இடையில் நிறுத்தினால் போதும். ஊசிக்குப் பதில் மாத்திரையாக வரும் புது வகை மருந்துகளில் டெசிடுஸ்டாட் இந்தியாவிலேயே உருவாக்கி 2022இல் அனுமதி பெற்றது. ரத்தம் ஏற்றுவது கடைசி வழி. மருத்துவமனையில் உடல்நிலை சீராக இருக்கும் பெரியவருக்குப் பொதுவாக 7க்குக் கீழே போனால், இதய நோயாளிக்கு 8க்குக் கீழே போனால் யோசிப்பார்கள். 9 இருக்கிறதே, ஒரு பாட்டில் ஏற்றிவிடுங்கள் என்று டாக்டரை நெருக்காதீர்கள்.

சாப்பாட்டில், முருங்கைக்கீரை, கம்பு, கொள்ளு, ஈரல், மீன், முட்டை எல்லாம் சாப்பிடுங்கள், நோயில் இளைத்த உடம்புக்குப் புரதமும் சக்தியும் வேண்டும், டிபி நோயாளிக்கு ஊட்டம் மருந்துக்குச் சமம். சாப்பாட்டோடு டீ, காபி குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள், கூட ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அழற்சி அடங்காத வரை சுவரொட்டியில் இருக்கும் இரும்புகூட அதே ஃபெரோபோர்ட்டின் வழியாகத்தான் ரத்தத்துக்குப் போக வேண்டும், அந்த வழி அடைபட்டிருக்கிறது. சாப்பிட்டும் ஏறவில்லையே என்று நோயாளியைத் திட்டாதீர்கள்.

உடனே ஓட வேண்டிய நிலை

இதைத் தனியாகச் சொல்கிறேன். காய்ச்சல் ஒரு வாரமாகியும் விடவில்லை, ஹீமோகுளோபினோடு பிளேட்லெட்டும் வெள்ளையணுவும் சேர்ந்து இறங்குகின்றன, மண்ணீரல் வீங்கியிருக்கிறது, ஃபெரிட்டின் நூறுகளில் இல்லாமல் ஆயிரக்கணக்கில் நிற்கிறது என்றால் அது சாதாரண அழற்சி ரத்தசோகை இல்லை. எச்எல்எச் என்று சொல்லப்படும் நிலையாக இருக்கலாம், எதிர்ப்பு செல்கள் கட்டுமீறி, மஜ்ஜையிலேயே மேக்ரோஃபேஜ்கள் உயிருள்ள ரத்த அணுக்களை விழுங்கும் நிலை. டெங்கு, ஸ்கிரப் டைஃபஸ், டிபி போன்ற தொற்றுகளுக்குப் பின்னாலும் வரும், இந்த நோய்கள் தமிழ்நாட்டில் சாதாரணமாகப் பார்ப்பவை. ஒரு நாள் தாமதமும் உயிருக்கு ஆபத்து, ஐசியூ வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய் ஃபெரிட்டின் ரிப்போர்ட்டை முதலில் எடுத்துக் காட்டுங்கள். கருப்பாகத் தார் போல மலம் போனாலும், ஓய்வில் மூச்சு வாங்கினாலும், நெஞ்சு வலித்தாலும் அதே அவசரம்தான். ஒன்று மட்டும், இரும்பு மாத்திரை சாப்பிடுபவருக்கு மலம் கருப்பாகப் போவது சகஜம், ஆனால் பிசுபிசுப்பும் கெட்ட நாற்றமும் இருந்தால் அது ரத்தம்.

மறுபடி எப்போது எடுப்பது

சிகிச்சை வேலை செய்தால் முதலில் இறங்குவது சிஆர்பி, சில நாளிலிருந்து சில வாரத்துக்குள். அடுத்து ரெட்டிக்குலோசைட் எண்ணிக்கை எழும்பும், அதற்குப் பின்னால்தான் ஹீமோகுளோபின் மெல்ல ஏறும். அதனால் வாராவாரம் ஹீமோகுளோபின் பார்த்து மனம் உடைய வேண்டாம், மாதம் ஒருமுறை போதும், ஒவ்வொரு முறையும் சிஆர்பியோடு சேர்த்து. ஃபெரிட்டினை சிஆர்பி இறங்கிய பிறகு ஒருமுறை கட்டாயம் திரும்ப எடுங்கள். அழற்சி தணிந்ததும் ஃபெரிட்டின் மிகவும் குறைந்து நிற்பதும் உண்டு, அதுவரை மறைந்திருந்த இரும்புக் குறைவு அப்போதுதான் வெளியே தெரியும், அந்த நேரத்தில் கொடுக்கும் மாத்திரை நன்றாகவே வேலை செய்யும். நரம்பு வழி இரும்பு ஏற்றியிருந்தால் நான்கு வாரமாவது கழிந்த பிறகே ஃபெரிட்டின் எடுங்கள், அதற்கு முன் எடுத்தால் பொய்யாக உயர்ந்து காட்டும். எல்லா ரிப்போர்ட்டையும் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் வைத்து, ஒவ்வொன்றின் மேலும் அன்றைக்குக் காய்ச்சல் இருந்ததா, என்ன மாத்திரை ஓடியது என்று பேனாவால் எழுதி டாக்டரிடம் கொண்டுபோங்கள்.